ஓடி முடிச்சதும் குடிக்க வீட்டுலயே கலக்குற உப்பு-சர்க்கரைத் தண்ணி: சரியான அளவு என்ன?

பிடோக் கதிர் | ஞாயிறு, பிற்பகல் 2:10

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர்ல டிசம்பர் மாரத்தானுக்குத் தயாராகிட்டு இருக்கேன். ஞாயிற்றுக்கிழமைதான் நீண்ட ஓட்டம். பிடோக்ல இருந்து கிழக்குக் கடற்கரைப் பூங்காவுக்கு இறங்கி, மரினா பே பக்கம் வரைக்கும் போய்த் திரும்புவேன். விடியக்காலை அஞ்சு மணிக்கே கிளம்பினாலும் வீடு வந்து சேரும்போது சட்டையைப் பிழிஞ்சா தண்ணி ஊத்துது. கறுப்புச் சட்டை போட்ட அன்னிக்கு, காஞ்சதும் முதுகுல வெள்ளை வெள்ளையா உப்புக் கோடு தெரியுது.

வந்ததும் வெறும் தண்ணிதான் நிறையக் குடிக்கிறேன். தாகம் அடங்கிடுது. ஆனா மத்தியானம் வரைக்கும் தலைவலி விடமாட்டேங்குது, ராத்திரி கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குது. டின்ல வர்ற ஐசோடானிக் பானம் எனக்கு ரொம்பத் தித்திப்பு. சரி, நாமளே கலக்கலாம்னு தேடினா ஒருத்தர் சிட்டிகை உப்புங்கிறார், இன்னொருத்தர் ஒரு டீஸ்பூன்ங்கிறார். ரெண்டுக்கும் நடுவுல பத்து மடங்குக்கு மேல வித்தியாசம் இருக்கு. பழகினவங்க யாராவது கிராம் கணக்குல சொல்லுங்களேன்.

இன்னொண்ணு. அம்மா தினமும் காலையில பூங்கா இணைப்புப் பாதையில நடக்குறாங்க. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுறாங்க. அவங்களுக்கும் இதையே கொடுக்கலாமா?

உட்லண்ட்ஸ் கலா | ஞாயிறு, பிற்பகல் 3:25

தம்பி, நீர்மோர் குடிங்க. என் பையன் பூப்பந்து ஆடிட்டு வந்தா எங்க வீட்டுல அதுதான். ஒரு சின்ன கப் தயிருக்கு ரெண்டரை கப் தண்ணி, கால் டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கம்மியா உப்பு, தட்டின இஞ்சி, கறிவேப்பிலை, ஒரு துளி பெருங்காயம். நல்லாக் கடைஞ்சு நுரையோட கொடுக்கணும். தைப்பூசத்துக்கு சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்ல இருந்து டேங்க் ரோடு வரைக்கும் காவடி எடுத்து நடக்குறவங்களுக்குத் தண்ணீர்ப் பந்தல்ல எதைக் கொடுக்குறாங்கன்னு பாருங்க. அந்த வெயில்ல வெறுங்காலோட நடந்து வர்றவங்க முகத்துல ஒரு டம்ளர் மோருக்கு அப்புறம் வர்ற தெளிவை நான் பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன்.

மோர் பிடிக்காட்டி பானகம் கரைங்க. வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய். வெல்லத்தைக் கரைச்சதும் வடிகட்டிடுங்க, அடியில மண் நிக்கும்.

மெக்ரிட்சி மணியம் | ஞாயிறு, மாலை 6:40

கதிர், அளவு கேக்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யி. உனக்கு எவ்வளவு வியர்க்குதுன்னு முதல்ல கண்டுபிடி. அது தெரியாம நாங்க சொல்ற எந்த அளவும் உனக்கு ஒட்டாது.

ஓடப் போறதுக்கு முன்னாடி ஒன்னுக்குப் போயிட்டு, துணியில்லாம எடை பாரு. ஒரு மணி நேரம் உன் வழக்கமான வேகத்துல ஓடு. வந்ததும் உடம்பை நல்லாத் துடைச்சிட்டு மறுபடி துணியில்லாம எடை பாரு. ஈரச் சட்டையோட ஏறி நின்னா கணக்கு பாழ். உதாரணத்துக்கு, போகும்போது 70 கிலோ, வந்தப்போ 69, நடுவுல 300 மில்லி குடிச்சிருந்தே. அப்போ மணிக்கு 1.3 லிட்டர் வியர்வை. எடையில குறைஞ்ச ஒவ்வொரு கிலோவுக்கும் ஒண்ணேகால்ல இருந்து ஒன்றரை லிட்டர் வரைக்கும் திருப்பிக் குடிக்கணும். ஒரே மூச்சுல இல்ல, ரெண்டு மூணு மணி நேரத்துல பரவலா. குடிக்கிறதுல ஒரு பகுதி சிறுநீராப் போயிடும், அதுக்காகத்தான் அந்தக் கூடுதல்.

விடியக்காலை குளிர்ச்சிதானேன்னு நினைக்காதே. நம்ம ஊருல சூரியன் வர்றதுக்கு முன்னாடி காத்துல ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல. வியர்வை காய வழியில்ல. காஞ்சாத்தான் உடம்பு குளிரும். அது காயாம சொட்டிக்கிட்டே இருக்க, உடம்பு இன்னும் இன்னும் வியர்த்துக் கொட்டும். நீ சட்டையைப் பிழியிறது அதனாலதான்.

முதுகுல வெள்ளைக் கோடு விழுதுன்னா உனக்கு உப்பு அதிகமாப் போற உடம்பா இருக்கலாம். ஆளுக்கு ஆள் இதுல ரொம்பவே மாறும்.

செல்வி மருந்தகம் | ஞாயிறு, இரவு 9:15

மணியம் அண்ணன் சொன்னதோட தொடர்ச்சியா எண்களைச் சொல்றேன். நான் மருந்தாளர், வார இறுதியில ஓடுறவளும்கூட.

ஒரு லிட்டர் வியர்வையில சோடியம் சுமார் 460 மில்லிகிராம்ல இருந்து 1,800 வரைக்கும் இருக்கலாம். நடுத்தரமா 900ன்னு வச்சுக்கலாம். பொட்டாசியம் ரொம்பக் குறைவு, லிட்டருக்கு 150–300 மில்லிகிராம்தான். ஒரு வாழைப்பழத்துல அது திரும்பிடும். அதனால கலக்குற தண்ணியில முக்கியமாப் பார்க்க வேண்டியது சோடியம், அதாவது சாதாரண உப்பு. 1 கிராம் உப்புல கிட்டத்தட்ட 390 மில்லிகிராம் சோடியம்.

ஒரு மணி நேரத்துக்கு மேல வியர்வை கொட்ட ஓடுறவங்களுக்கு நான் சொல்ற கலவை: தண்ணி 1 லிட்டர், தூள் உப்பு 1.5 கிராம், சர்க்கரை 30 கிராம், ஒரு எலுமிச்சையோ அஞ்சாறு கலமான்சியோ பிழிஞ்ச சாறு. இதுல சோடியம் 590 மில்லிகிராம் அளவுக்கு வரும், கடையில விக்கிற பெரும்பாலான விளையாட்டுப் பானங்களைவிடக் கொஞ்சம் கூடுதல். தித்திப்பு அதுங்கள்ல பாதி. பானங்களுக்கு இங்க போடுற நியூட்ரி-கிரேடு தரக் கணக்குல பார்த்தா 100 மில்லிக்கு 3 கிராம் சர்க்கரை, 'பி' தரத்துக்குள்ள வந்துடும்.

தயவுசெஞ்சு உப்பை எடை போடுங்க. சமையலறை டிஜிட்டல் தராசு பத்து இருபது வெள்ளிக்குக் கிடைக்குது. தூள் உப்புல கால் டீஸ்பூன் 1.5 கிராம் வரும். கல்லுப்பை அதே கரண்டியில எடுத்தா அளவு மாறிடும். கோப்பிக் கரண்டியும் டீஸ்பூனும் ஒண்ணு இல்ல.

கதிர், ராத்திரி கால் பிடிக்கிறதுக்கு உப்பு மட்டும் காரணம்னு உறுதியாச் சொல்ல முடியாது. களைச்ச தசையில நரம்பு தப்பாத் தூண்டுறதும் ஒரு காரணம். தலைவலி, களைப்பு இதுல முதல்ல மாற்றம் தெரியுதான்னு பாருங்க.

ஈசூன் இயற்கைவழி | திங்கள், காலை 7:50

எல்லாரும் வெள்ளை உப்பு, வெள்ளைச் சர்க்கரைன்னே சொல்றீங்க. இந்துப்புல 84 தாதுக்கள் இருக்குன்னு சொல்றாங்க. நான் இந்துப்பு, எலுமிச்சை ரெண்டும் கலந்து செம்புக் குப்பியில ராத்திரியே ஊற வச்சிடுவேன். சர்க்கரை எதுக்கு? அது இன்னும் தாகத்தைத்தான் கூட்டும். இல்லாட்டி தேக்கா சந்தையில ஒரு இளநீர் வாங்கிக் குடிச்சாப் போதும். நம்ம முன்னோர்கள் தராசா வச்சிருந்தாங்க?

செல்வி மருந்தகம் | திங்கள், மதியம் 1:05

முதல்ல அவசரமானதைச் சொல்லிடுறேன். எலுமிச்சையும் உப்பும் கலந்த தண்ணியைச் செம்புக் குப்பியில வைக்காதீங்க. கறுத்த செம்புப் பாத்திரத்தை நாம எதை வச்சுத் தேய்க்கிறோம்? எலுமிச்சையும் உப்பும்தானே. குப்பிக்குள்ளேயும் அதே வேலைதான் ராத்திரி முழுக்க நடக்குது. கரையிற செம்பு தண்ணியில சேரும். வயித்தைப் புரட்டும், வாந்தி வரும். வெறும் தண்ணிக்கு மட்டும் செம்பு. இதுக்கு எவர்சில்வரோ கண்ணாடியோ எடுத்துக்குங்க.

இந்துப்புலயும் 98 சதவீதத்துக்குப் பக்கமா சோடியம் குளோரைடுதான். நாம போடுற ஒன்றரை கிராம்ல மிச்சம் எல்லாம் சேர்ந்து 30 மில்லிகிராம். சுவைக்காகப் போடலாம், தப்பில்ல. அயோடின் சேர்த்த உப்பை வீட்டுச் சமையல்ல விட்டுடாதீங்க.

சர்க்கரை எதுக்குன்னு கேட்டது நல்ல கேள்வி. குடல் சுவர்ல ஒரு கடத்திப் புரதம் இருக்கு, எஸ்ஜிஎல்டி1னு பேரு. அது குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்துத்தான் உள்ள இழுக்கும், அதுங்க பின்னாலேயே தண்ணி போகும். இந்த இணைப்பை 1960ல ராபர்ட் கிரேன் முன்வச்சார். 1971ல வங்கதேசப் போர் நேரம், மேற்கு வங்கத்துல பொங்காவ் அகதி முகாம்ல காலரா பரவுச்சு. நரம்பு வழியா ஏத்துறதுக்குச் சலைன் பாட்டில் போதல. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடாப்பு மூணையும் தண்ணியில கரைச்சு, குடும்பத்தாரையே ஊட்டச் சொன்னார். 30 சதவீத அளவுக்கு இருந்த இறப்பு அவங்க பார்த்தவங்கள்ல 4 சதவீதத்துக்கும் கீழ இறங்குச்சு. பேதிக்குப் பாலிகிளினிக்ல தண்ணியில கரைச்சுக் குடிக்கக் கொடுக்குற உப்பு-சர்க்கரைப் பொட்டலம், அதாவது ஓஆர்எஸ், அந்த வழியில வந்ததுதான். என் தொழில்ல நான் படிச்சதுலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது. அடுக்களையில இருக்கிற ரெண்டு பொருள் அத்தனை பேர் உயிரைக் காப்பாத்தியிருக்கு.

இப்போதைய உலகச் சுகாதார நிறுவன ஓஆர்எஸ்ல லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். நம்ம வீட்டுச் சர்க்கரையில பாதிதான் குளுக்கோஸா உடையும், மீதி ஃப்ரக்டோஸ். அதனாலதான் வீட்டு முறையில லிட்டருக்கு ஆறு மட்ட டீஸ்பூன் சர்க்கரை, அரை மட்ட டீஸ்பூன் உப்புங்கிறாங்க. அது பேதிக்கான அளவு. ஓட்டத்துக்கு உப்பை அதுல பாதியாக்கினாப் போதும். அதுக்காகச் சர்க்கரையை அள்ளிப் போடவும் கூடாது. 8 சதவீதத்தைத் தாண்டினா வயித்துல இருந்து இறங்கத் தாமதமாகும். கரும்புச் சாறு ஓட்டத்துக்கு நடுவுல வயித்துல குலுங்குறது அதனாலதான்.

இளநீர் நல்லதுதான். பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில போறது அதுக்கு நேர் எதிர். இளநீர்ல ரெண்டு சிட்டிகை உப்பைப் போட்டுக் குடிச்சா ஓரளவு சரியாகும்.

துவாஸ் முருகேசன் | திங்கள், இரவு 8:30

வணக்கம்ங்க. நான் கட்டுமானத் தளத்துல பாதுகாப்பு மேற்பார்வையாளர். ஊரு புதுக்கோட்டைப் பக்கம். நீங்க ஒரு மணி நேரம் ஓடுறதைப் பேசுறீங்க. எங்க பசங்க பத்து மணி நேரம் வெயில்ல கம்பி கட்டுறாங்க. அதனால இந்த இழையை வரி விடாமப் படிச்சேன்.

2023 அக்டோபர்ல இருந்து மனிதவள அமைச்சோட வெப்ப விதி இருக்கு. வெப்பம், வெயில், ஈரப்பதம், காத்து நாலையும் சேர்த்து அளக்குற டபிள்யூபிஜிடி 32 டிகிரி தொட்டா, கடுமையான உடலுழைப்புக்கு மணிக்குப் பத்து நிமிஷம் நிழல்ல ஓய்வு கொடுக்கணும். மணிக்கு ஒரு தடவையாவது தண்ணி குடிக்க வைக்கணும். புதுசா வந்தவனை ஏழு நாளாவது கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கணும். அந்தக் கடைசி விதியை நான் விடவே மாட்டேன். புது ஆளுக்கு முதல் வாரம் வியர்வையில உப்பு நிறையப் போகும். உடம்பு சூட்டுக்குப் பழகினதும் வியர்வை கூடும், ஆனா உப்பைப் பிடிச்சு வச்சுக்கக் கத்துக்கும்.

எங்க ஆளுங்களுக்கு நான் சொல்றது எளிமையா இருக்கும்: பொட்டலச் சாப்பாட்டுல ரசத்தைக் கீழ ஊத்தாதே, ஊறுகாயைத் தூக்கிப் போடாதே. சாப்பாட்டை ஒழுங்காச் சாப்பிட்டவனுக்கு முக்கால்வாசி உப்பு அதுலயே வந்துடும். மதியச் சாப்பாடு கெட்டுப் போய்ச் சாப்பிடாம விட்டவன்தான் மூணு மணிக்கு மயங்குறான். அப்படிப்பட்ட அன்னிக்கு உப்பு-சர்க்கரைத் தண்ணி கண்டிப்பா வேணும்.

மெக்ரிட்சி மணியம் | திங்கள், இரவு 9:10

முருகேசன் சொன்னதை நான் அப்படியே ஆமோதிக்கிறேன். ஓடி முடிச்சு ஒரு மணி நேரத்துக்குள்ள இட்லி சாம்பார் சாப்பிடுற ஆளுக்குத் தண்ணியும் சாப்பாடுமே போதும். அன்னிக்கே இன்னொரு தடவை பயிற்சி இருந்தாலோ, வந்ததும் சாப்பாடு இறங்காட்டியோ, ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓடினாலோதான் இந்தக் கலவைக்கு வேலை. அரை மணி நேரம் உடற்பயிற்சிக் கூடத்துல இருந்துட்டு ஒரு லிட்டர் உப்புத் தண்ணி குடிக்கிறவங்களைப் பார்த்தா எனக்குக் கவலையா இருக்கு. நம்ம சாப்பாட்டுல ஏற்கெனவே உப்பு கூடுதல். உலகச் சுகாதார நிறுவனம் சொல்றது நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குக் கீழ. சிங்கப்பூர்க்காரங்க சராசரி அதுக்கு ஒன்றரை மடங்குக்கு மேல.

ஜாபர் தெம்பனிஸ் | செவ்வாய், காலை 6:20

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நோன்பு மாசத்துலயும் ஓடுறவன் நான், இஃப்தாருக்கு அப்புறம். பள்ளிவாசல்ல வாங்கிட்டு வர்ற நோன்புக் கஞ்சிதான் என் பானம். குழைஞ்ச அரிசி, உப்பு, தண்ணி, கொஞ்சம் தேங்காய்ப்பால். செல்வி தங்கச்சி சொன்ன கணக்கை வச்சுப் பார்த்தா அரிசி மாவுச்சத்தும் குளுக்கோஸாத்தானே உடையுது?

செல்வி மருந்தகம் | செவ்வாய், காலை 8:00

சரியாச் சொன்னீங்க ஜாபர் அண்ணே. குளுக்கோஸுக்குப் பதிலா அரிசி மாவு வச்சுச் செஞ்ச ஓஆர்எஸ் காலரா நோயாளிங்களுக்கு நல்லாவே வேலை செஞ்சிருக்கு. உப்பு போட்ட கஞ்சித் தண்ணியும் அந்த வகைதான். கலா அக்கா மோருக்கும் ஆதாரம் உண்டு. 2016ல பிரிட்டன்ல பல பானங்களை ஒப்பிட்டுப் பார்த்தாங்க. பாலும் ஓஆர்எஸும் வெறும் தண்ணியைவிட உடம்புல அதிக நேரம் தங்குச்சு. மோர் தண்ணி கலந்ததுதான், ஆனாலும் புரதம், பொட்டாசியம், நாம போடுற உப்பு எல்லாம் இருக்கு. ஓடி முடிச்சதும் குடிக்க ரொம்ப நல்லது. ஓடும்போது வேண்டாம், வயித்துல புளிக்கும்.

அர்ஜுன் என்எஸ் | செவ்வாய், இரவு 10:45

தேசிய சேவையில இருக்கேன். வாட்டர் பரேட்ல எல்லாரும் சேர்ந்து குடிப்போம், அது பழக்கம். விடுமுறையில வீட்டுக்கு வந்து ஓடும்போதும் எவ்வளவு அதிகமாக் குடிக்கிறோமோ அவ்வளவு நல்லதுன்னுதான் நினைச்சுட்டு இருக்கேன். தண்ணி அதிகமானா ஆபத்துன்னு ஒரு நண்பன் சொல்றான். உண்மையா?

செல்வி மருந்தகம் | புதன், காலை 7:30

உண்மை தம்பி. ரத்தத்துல சோடியம் நீர்த்துப் போகும். 2002 பாஸ்டன் மாரத்தான்ல ஓட்டக்காரங்க ரத்தத்தைச் சோதிச்சுப் பார்த்தப்போ 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைஞ்சிருந்துச்சு. அதுல முக்கியமா மாட்டினவங்க ஓட்டத்துக்கு நடுவுல எடை கூடினவங்க. அதாவது வியர்த்ததைவிட அதிகமாக் குடிச்சவங்க. நாலு மணி நேரத்துக்கு மேல மெதுவா ஓடினவங்களும் அதுல நிறைய.

கஷ்டம் என்னன்னா, தலைவலி, வாந்தி, குழப்பம் எல்லாம் வெப்பத்தால வர்ற சோர்வு மாதிரியே இருக்கும். பக்கத்துல இருக்கிறவங்க இன்னும் தண்ணியை ஊத்துவாங்க. ஓட்டத்துக்கு அப்புறம் மோதிரம் இறுகுது, விரல் வீங்குது, எடை கூடியிருக்குன்னா குடிக்கிறதை நிறுத்துங்க. ஒருத்தர் சம்பந்தமில்லாமப் பேசினாலோ தடுமாறினாலோ வீட்டுக் கலவை எதையும் வாயில ஊத்தாதீங்க. உடனே 995க்கு அடிச்சு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. காத்திருக்கும்போது நிழலுக்குக் கொண்டு போய் உடம்பைக் குளிர வைங்க.

வீட்டுல நீங்களா ஓடும்போது தாகத்துக்குக் குடிங்க, எடையை வச்சுச் சரிபாருங்க. முகாம்ல உங்க அதிகாரி சொல்றதைக் கேளுங்க.

கதிர், அம்மா விஷயத்தை மறக்கல. அவங்களுக்கு இது வேண்டாம். காலை நடைக்குத் தண்ணி போதும். ரத்தக்கொதிப்புக்கு உப்பைக் கூட்டுறது நேர் எதிர் வேலை. இளநீரும் தினமும் கொடுக்குறதுக்கு முன்னாடி அவங்க மாத்திரை என்னன்னு மருத்துவர்கிட்டயோ மருந்தாளர்கிட்டயோ காட்டுங்க. சில ரத்தக்கொதிப்பு மாத்திரைங்க உடம்புல பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கும். சிறுநீரகமும் தளர்ந்திருந்தா அது இதயத் துடிப்பையே பாதிக்கும். கடையில வர்ற சோடியம் குறைச்ச உப்புலயும் பொட்டாசியம் குளோரைடுதான் இருக்கு, அதையும் கேட்டுட்டு வாங்குங்க. நீரிழிவு உள்ளவங்களும் அப்படித்தான், சர்க்கரைக் கலவையை மருத்துவரைக் கேக்காம ஆரம்பிக்காதீங்க.

பிடோக் கதிர் | அடுத்த ஞாயிறு, காலை 11:20

எல்லாருக்கும் நன்றி. இன்னிக்கு எடை பார்த்துட்டு ஓடினேன். மணிக்கு ஒன்றரை லிட்டருக்குப் பக்கமா வியர்க்குது எனக்கு. செல்வி அக்கா அளவுலயே கலந்து, பாதியை ஓடும்போதும் மீதியை வந்ததுக்கு அப்புறமும் குடிச்சேன். கூடவே தண்ணியும் இட்லியும். தலைவலி இதுவரைக்கும் இல்ல. கால் எப்படின்னு ராத்திரிதான் தெரியும். ரெண்டு மணி நேரத்துக்கு அப்புறம் அந்த உப்புச் சுவை தித்திப்பாவே தெரிஞ்சுது, அது ஆச்சரியமா இருந்துச்சு.

அம்மாவோட மாத்திரை அட்டையைப் பாலிகிளினிக்ல காட்டினேன். இளநீர் தினமும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க.

ஒரு சந்தேகம்: முந்தின ராத்திரியே கலந்து வைக்கலாமா? நாலரை மணிக்கு எழுந்து தராசைத் தேடுறது சிரமமா இருக்கு.

மெக்ரிட்சி மணியம் | அடுத்த ஞாயிறு, மதியம் 12:05

தாராளமா. கொதிச்சு ஆறின தண்ணியில உப்பும் சர்க்கரையும் மட்டும் கரைச்சுக் குளிர்சாதனப் பெட்டியில வை. எலுமிச்சையைக் காலையில பிழி, ராத்திரியே பிழிஞ்சா கசக்கும். 24 மணி நேரத்துக்கு மேல வச்சுக்காதே. வெளியில எடுத்துட்டுப் போனதுல மிச்சம் இருந்தா ஊத்திடு, நம்ம சூட்டுல சர்க்கரைத் தண்ணி சீக்கிரம் கெடும். பாட்டில் மூடியையும் உறிஞ்சு குழாயையும் பிரஷ் போட்டுக் கழுவு, அழுக்கு அங்கதான் தங்கும்.

சில்லுனு வேணும்னா பாட்டில்ல மூணுல ஒரு பங்கை மட்டும் சாய்ச்சு வச்சு உறைய வை. காலையில மீதியை மேல ஊத்து. சில்லுனு இருந்தா உப்புத் தண்ணியும் சுலபமா இறங்கும்.

உட்லண்ட்ஸ் கலா | அடுத்த ஞாயிறு, மதியம் 12:40

மணியம் அண்ணே, என் பையனுக்கு நாளைக்கு ரெண்டு ஆட்டம், நடுவுல ஒரு மணி நேர இடைவெளிதான். மோர் வேண்டாம்னா செல்வி சொன்ன கலவையையே கொடுத்து விடுறேன். சர்க்கரைக்குப் பதிலா வெல்லம் 30 கிராம் போடலாமா?

செல்வி மருந்தகம் | அடுத்த ஞாயிறு, மதியம் 1:15

போடலாம் அக்கா. வெல்லத்துல பெரும்பகுதி அதே சர்க்கரைதான், அளவு அதேதான். வடிகட்டிடுங்க. உப்பை மட்டும் எடை போட்டே சேருங்க. இடைவெளியில பையன்கிட்ட ஒரேயடியாக் குடிக்கச் சொல்லாதீங்க. கால் மணிக்கு ஒரு தடவை அரை டம்ளர், கூட ஒரு வாழைப்பழம்.